வயிற்று அறுவைக்குப் பின் வலிமை மீட்பு: சக்திக்கேற்ற தவம்

வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு வீடு திரும்பியவரைச் சுற்றி எப்போதும் இரண்டு குரல்கள் கேட்கும். ஒன்று, "அசையாம படு, தையல் விட்டுடும்" என்பது. இது பெரும்பாலும் ஊரிலிருந்து துணைக்கு வந்திருக்கும் அத்தையோ பெரியம்மாவோ சொல்வது. மற்றொன்று, "தையல் பிரிச்சுப் பத்து நாள் ஆச்சே, இன்னும் என்ன படுக்கை?" என்பது. இதை வீட்டார் சொல்வார்கள், வேலை கொடுத்தவர் சொல்வார், பல சமயம் நோயாளியின் மனமே சொல்லும். முதல் குரல் அன்பினால் வருவது, இரண்டாவது அவசரத்தினால் வருவது. இரண்டில் எதை முழுக்கக் கேட்டாலும் உடம்புக்கு நட்டமே.

குடல்வால், பித்தப்பை, குடலிறக்கம், கருப்பை நீக்கம், சிசேரியன் என்று வயிற்று அறுவை நடக்காத குடும்பம் இன்று நம்மிடையே அரிது. சொந்த ஊரை விட்டு மைசூரு போன்ற இடங்களில் வாழும் நமக்கு ஆள் துணையும் குறைவு. ஆகவே எப்போது எழுவது, எப்போது நடப்பது, எப்போது பளு தூக்குவது என்ற கணக்கு ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்திருக்க வேணும். அடியேன் மருத்துவன் அல்லன், வியாபாரி. நூல்களைப் படித்தும் மருத்துவர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்ட பொது நெறியையே இங்கு எழுதுகிறேன். உங்கள் வயிற்றைத் திறந்து பார்த்த டாக்டர் வேறு விதமாகச் சொன்னால் அவர் சொல்லே முடிவு.

சமண நூல்களில் தீர்த்தங்கரர் நிலைக்குக் காரணமான பதினாறு பாவனைகள் கூறப்படும். தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயத்தில் அவை வரிசையாக வருகின்றன. அவற்றுள் ஒன்று 'சக்திக்கேற்ற தவம்'. உள்ள சக்தியை ஒளித்து வைக்காமல் முயல்வது என்று இதை விளக்குவார்கள். அதே சமயம், இல்லாத சக்தியைச் செலவழிக்கக் கூடாது என்பது அந்தச் சொல்லிலேயே அடங்கியிருக்கிறது. அறுவைக்குப் பின் உடலைத் தேற்றும் முறைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குக் கிடைக்கவில்லை.

ஐந்தாம் நாள் படுக்கையை மடித்த பெண்மணி

வயிற்றைத் திறந்து கட்டியை அகற்றிய அறுவைகளின் வரலாறு அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் உள்ள டான்வில் என்ற சிற்றூரிலிருந்து சொல்லப்படுவது வழக்கம். 1809 டிசம்பரில் எஃப்ராயிம் மெக்டவல் என்ற மருத்துவர், ஜேன் டாட் கிராஃபோர்ட் என்ற பெண்மணியின் வயிற்றிலிருந்து ஏறக்குறைய 10 கிலோ எடையுள்ள சினைப்பைக் கட்டியை எடுத்தார். மயக்க மருந்து கண்டுபிடிக்கப்படாத காலம் அது. ஐந்தாம் நாள் மருத்துவர் போய்ப் பார்த்தபோது அந்த அம்மாள் எழுந்து தம் படுக்கையைத் தாமே சரிசெய்துகொண்டிருந்தார். 25 நாளில் வீடு திரும்பிய அவர் அதன்பின் 30 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார்.

இதைப் பார்த்த பிறகும் மருத்துவ உலகம் உடனே மாறிவிடவில்லை. வயிற்று அறுவை என்றால் இரண்டு மூன்று வாரம் மல்லாந்து படுக்க வேண்டும் என்பதே இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை விதியாக இருந்தது. 1899-இல் சிகாகோவைச் சேர்ந்த எமில் ரீஸ் என்ற மருத்துவர் நோயாளிகளைச் சீக்கிரம் எழுப்பலாம் என்று எழுதினார். யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. 1940-களில் டெட்ராய்ட் நகர மருத்துவர் டேனியல் லைட்ஹவுசர் அதையே மறுபடி வலியுறுத்தினார். இரண்டாம் உலகப் போரில் மருத்துவமனைக் கட்டில்கள் பற்றாமல் போனதும் சேர்ந்துகொள்ள, 'சீக்கிரம் எழுப்பு' என்பது மெல்ல வழக்கமாயிற்று. 1990-களில் டென்மார்க் அறுவை மருத்துவர் ஹென்ரிக் கேலெட் இதை வலி நிவாரணம், உணவு, நடை எல்லாம் சேர்ந்த ஒரு முழுத் திட்டமாகவே ஆக்கினார். இன்று பெரிய மருத்துவமனைகளில் அறுவை நடந்த அன்றோ மறுநாளோ நோயாளியை உட்கார வைத்து நிற்க வைப்பது இதனால்தான். நர்ஸம்மா இரக்கமில்லாமல் எழுப்புகிறார் என்று நாம் நினைக்கிறோம். அவர் செய்வதுதான் வைத்தியம்.

காந்தியடிகளின் வயிறு

நம் நாட்டில் எல்லோரும் அறிந்த ஒரு வயிற்று அறுவை காந்தியடிகளுக்கு நடந்ததாகும். எரவாடா சிறையில் இருந்த அவருக்குக் குடல்வால் அழற்சி ஏற்பட்டு, 1924 ஜனவரி 12 இரவு புனே சாசூன் மருத்துவமனையில் கர்னல் மேடக் என்ற ஆங்கிலேய மருத்துவர் அறுவை செய்தார். நடுவில் மின்விளக்கு அணைந்துபோக, லாந்தர் வெளிச்சத்தில் வேலையை முடித்தார்கள். அப்போது காந்தியடிகளுக்கு வயது 54. பிப்ரவரி 5 அன்று அரசு அவரை விடுதலை செய்தது.

அதற்குப் பின் நடந்ததே நமக்குப் பாடம். அவர் நேரே பொதுக்கூட்ட மேடைக்குப் போகவில்லை. மார்ச் முதல் மே வரை பம்பாயை அடுத்த ஜுஹு கடற்கரையில் தங்கி உடம்பைத் தேற்றினார். செப்டம்பரில், அதாவது எட்டு மாதம் கழித்து, டில்லியில் 21 நாள் உண்ணாநோன்பு இருந்தார். டிசம்பரில் நம் கர்நாடகத்துப் பெலகாவியில் காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை வகித்தார். 1930-இல், 60 வயதில், சபர்மதியிலிருந்து தண்டிக்கு ஏறக்குறைய 385 கிலோமீட்டர் நடந்தார். கத்தி பட்ட வயிறு ஆயுளுக்கும் பலவீனமான வயிறு என்று எண்ணுகிறவர்கள் இதை நினைத்துக்கொள்ள வேணும். அந்த ஜுஹு மாதங்களையும் சேர்த்தே நினைக்க வேணும்.

வயிற்றுச் சுவரில் நடப்பது என்ன?

வயிற்றுச் சுவர் ஒரே துணி அல்ல. மேலே தோல், அதன்கீழ்க் கொழுப்பு, அதன்கீழ்த் தசைகளும் அவற்றைப் போர்த்திப் பிணைக்கும் வெண்ணிறப் பட்டையும், உள்ளே மெல்லிய சவ்வு என்று அடுக்கடுக்காக இருக்கும். குடலை உள்ளே பிடித்து நிறுத்தும் பலம் அந்த வெண்பட்டையில்தான் உள்ளது. நாம் கண்ணால் பார்க்கும் தையல் தோலில் உள்ளது. அது ஏழு முதல் பத்து நாளில் சேர்ந்துவிடும். உள்ளே பட்டையில் போட்ட தையலோ அப்படியல்ல. ஆறு வாரத்தில் பழைய பலத்தில் ஏறக்குறைய பாதிதான் வந்திருக்கும். பல மாதம் கழித்துப் பெரும்பகுதி வரும். முழுவதும் பழையபடி ஆவதில்லை. "தையல் பிரிச்சாச்சு" என்பது தோலின் கணக்கு. பளு தூக்குவதற்கு உள்பட்டையின் கணக்கைத்தான் பார்க்க வேணும்.

அந்தப் பட்டை முழுக்கச் சேராமல் இடைவெளி விட்டால் அங்கே குடல் புடைத்துக்கொண்டு வரும். இதைத் தழும்புக் குடலிறக்கம் என்பார்கள். நடுவயிற்றை நீளமாகத் திறந்தவர்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேருக்கு இது வரக்கூடும். புண்ணில் சீழ் பிடித்தல், அதிக உடல் எடை, புகைப்பழக்கம், அடங்காத சர்க்கரை, விடாத இருமல், முக்கி முக்கி மலம் கழித்தல் ஆகியவை இதற்குத் துணை போகின்றன.

இது ஒரு பக்கம். மறுபக்கம், படுத்தே கிடந்தால் என்ன ஆகும்? நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிச் சளி தங்கும், நிமோனியா வரலாம். காலில் இரத்தம் உறைந்து கட்டியாகி நுரையீரலுக்குப் போகலாம். இது உயிருக்கே ஆபத்து. குடல் சோம்பிப் போகும். தசை கரையும். நோயில்லாத முதியவர்களைப் பத்து நாள் படுக்கையில் வைத்துச் செய்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2007-இல் வெளியாயிற்று. அந்தப் பத்து நாளில் கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை குறைந்துவிட்டது. நோயில்லாதவர்களுக்கே இந்தக் கதி.

ஆக, நடப்பதும் பளு தூக்குவதும் இரண்டு தனித்தனிக் கேள்விகள். நடையை முதல் நாளே தொடங்கலாம். பளு காத்திருக்க வேணும். நம் வீடுகளில் இவ்விரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் ஒருவரை ஒரு மாதம் படுக்க வைக்கிறோம், இன்னொருவரைப் பத்தாம் நாளே குடம் தூக்க விடுகிறோம்.

படிப்படியாக

முதல் சில நாட்கள்: விழித்திருக்கும்போது மணிக்கொரு தடவை பத்து நீள்மூச்சு. மருத்துவமனையில் மூன்று பந்து உள்ள ஊதுகுழல் மாதிரிக் கருவி தருவார்கள். அதை ஊதக் கூடாது, இழுக்க வேணும். படுத்தபடியே பாதங்களை மேலும் கீழும் அசைக்கலாம். எழும்போது நேராக நிமிர்ந்து எழக் கூடாது. முழங்காலை மடக்கி, ஒருக்களித்துத் திரும்பி, கால்களைக் கீழே தொங்கவிட்டு, முழங்கையை ஊன்றி எழ வேணும். இருமல், தும்மல், சிரிப்பு வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டால் வலி பாதியாகும்.

வீட்டுக்கு வந்த பின்: ஒரு வேளைக்கு ஐந்து, பத்து நிமிஷம், ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளை நடை. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சில நிமிஷம் கூட்டலாம். நடக்கும்போது பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேணும்; பேச மூச்சு போதவில்லை என்றால் வேகம் அதிகம். நாலு முதல் ஆறு வாரத்துக்குள் பலராலும் அரை மணி நேரம் நடக்க முடியும். மைசூருவாசிகள் தெருவில் தொடங்கி, பிறகு குக்கரஹள்ளி ஏரிக்கரை மாதிரிச் சமதரையில் நடப்பது உத்தமம். சாமுண்டி மலைப் படிகள் ஆயிரம். அவற்றை வேண்டுதலுக்காக ஏறுவதாயிருந்தாலும் டாக்டர் சம்மதித்த பின்பே ஏற வேணும், அம்மன் காத்திருப்பாள்.

பளு: வயிற்றைத் திறந்து செய்த அறுவையானால் முதல் ஆறு வாரத்துக்கு நாலைந்து கிலோவுக்கு மேல் தூக்க வேண்டாம் என்பதே பொதுவாகச் சொல்லப்படுவது. சிறு துளை வழியாகச் செய்ததானால் இரண்டு முதல் நாலு வாரம். தொடை இடுக்குக் குடலிறக்கத்துக்கு வலை வைத்தவர்களுக்கு இவ்வளவு கட்டுப்பாடு தேவையில்லை. வலி அடங்கியதும் வழக்கமான நடமாட்டத்துக்குத் திரும்பலாம் என்று இன்றைய வழிகாட்டிகள் சொல்கின்றன. நம் வீட்டுச் சாமான்களின் எடையைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு குடம் தண்ணீர் 12 முதல் 15 கிலோ. தண்ணீர் கேன் 20 கிலோ. அரிசிச் சிப்பம் 25 கிலோ. சமையல் எரிவாயு மட்டும் 14.2 கிலோ, உருளையோடு சேர்த்தால் 30 கிலோவை நெருங்கும். அனுமதி கிடைத்த பிறகும் ஒரே நாளில் பழைய பளுவுக்குப் போகாமல் வாரா வாரம் கொஞ்சம் கூட்டுவதே முறை. தூக்கும்போது மூச்சைப் பிடிக்காமல் வெளியே விட்டுக்கொண்டு தூக்க வேணும்.

ஒரு எளிய அளவுகோல் உண்டு. இன்று செய்த வேலையின் வலி நாளைக் காலையிலும் நின்றால், நேற்றைய படிக்கு இறங்க வேணும். காலையில் வலி இல்லையென்றால் அதே படியில் இரண்டு நாள் இருந்துவிட்டு மேலே ஏறலாம்.

வயிற்றைத் துணியாலோ பெல்ட்டாலோ கட்டுவது வலிக்கு இதமாக இருக்கும். ஆனால் அது குடலிறக்கத்தைத் தடுக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. மூச்சு முட்டுமளவுக்கு இறுக்கினால் தீமையே.

காய்ச்சல், புண்ணில் சீழ் அல்லது பிளவு, வயிறு ஊதி வாந்தி, கெண்டைக்காலில் வீக்கமும் வலியும், திடீர் மூச்சுத்திணறல், தழும்பருகே புடைப்பு ஆகியவை கண்டால் கைவைத்தியம் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போக வேணும்.

ஆசனங்கள் எப்போது?

மைசூரு யோகத்துக்குப் பேர்போன ஊர். நால்வடி கிருஷ்ணராஜ உடையார் ஆதரவில் 1933 முதல் ஜகன்மோகன அரண்மனையில் யோகசாலை நடத்தியவர் திருமலை கிருஷ்ணமாச்சாரியார். அவருடைய 'யோக மகரந்தம்' 1934-இல் கன்னடத்திலும் 1938-இல் தமிழிலும் வந்தது. இளைஞர்களுக்கு வேகமான ஆசனங்களைக் கற்பித்த அதே ஆசாரியார், பின்னாளில் சென்னையில் நோயாளிகளுக்கு அவரவர் வயது, உடல்நிலை பார்த்துத் தனித்தனியாகக் கற்பித்தார். ஆசனம் ஆளுக்கேற்றது என்பதே அவர் வழி.

அறுவை செய்தவருக்கு முதலில் நீள்மூச்சும் சவாசனமும் போதும். பிறகு கை கால்களை மெல்ல நீட்டும் அசைவுகள். வயிற்றுச் சுவரை அழுத்தும் நாவாசனம், மயூராசனம், நௌலி, கபாலபாதி, தண்டால், படுத்து நிமிரும் பயிற்சி இவற்றைத் திறந்த அறுவைக்குப் பின் மூன்று மாதம் வரையாவது தொட வேண்டாம். பின்னும் டாக்டரைக் கேட்டே தொடங்க வேணும். ஜிம்முக்கும் கரடி மனைக்கும் போகும் நம் பிள்ளைகளுக்கும் இதே கணக்குதான்.

சாப்பாடு

நடை தசையைத் தூண்டும். தசையைக் கட்டுவது உணவு. அறுவை செய்தவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேணும் என்கிறார்கள். 60 கிலோ உள்ளவருக்கு இது 72 முதல் 90 கிராம். "முட்டை சாப்பிடுங்க" என்று எளிதாகச் சொல்லிவிடுவார்கள். முட்டை தொடாத நாம் என்ன செய்வது?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பால் 400 மில்லி: 13 கிராம். துவரை, பாசி, கொள்ளு ஏதேனும் பருப்பு 75 கிராம்: 17 கிராம். பன்னீர் 100 கிராம்: 18 கிராம். தயிர் 200 கிராம்: 6 கிராம். அரிசி, கோதுமை, ராகி சேர்ந்து 250 கிராம்: 20 கிராம். நிலக்கடலை 30 கிராம்: 7 கிராம். மொத்தம் 81 கிராம். ஆக, அறம் கெடாமலே தேவை நிறைவேறுகிறது. ஒன்பதாம் நூற்றாண்டு அளவில் உக்கிராதித்தியர் என்ற சமண ஆசாரியர் புலாலும் கள்ளும் தேனும் சேராத மருத்துவத்தைக் 'கல்யாணகாரகம்' என்ற நூலாகவே எழுதியிருக்கிறார். தமிழில் 'ஏலாதி', 'சிறுபஞ்சமூலம்' என்று அறநூல்களுக்கு மருந்துப் பெயர் வைத்தவர்களும் சமணப் புலவர்களே. சிறுநீரகக் கோளாறு உள்ளவர் மட்டும் புரத அளவை டாக்டரைக் கேட்டே தீர்மானிக்க வேணும்.

எங்களைப் போல் பொழுது சாய்ந்தபின் உண்ணாதவர்கள், காலை முதல் மாலை வரை ஐந்து சிறு வேளையாகப் பிரித்துக்கொள்ளலாம். அறுவை செய்த வயிற்றுக்கு அதுவே சுகம். மலச்சிக்கல் வராமல் தண்ணீர், கீரை, கொய்யா, பப்பாளி வேணும். கொஞ்ச நாளைக்குக் குந்தி உட்காரும் கழிப்பறையைத் தவிர்ப்பது நல்லது. அட்டமி, சதுர்த்தசி உபவாசம் இருக்கும் பெரியவர்கள் புண் ஆறும் காலத்தில் அதைத் தள்ளி வைக்க மனம் ஒப்பமாட்டார்கள். தவத்தைச் சக்திக்கேற்ப என்று சொன்னதே ஆகமம்தான் என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேணும்.

நாம் மறக்கும் இருவர்

முதலாமவர், சிசேரியன் செய்துகொண்ட பெண். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் பிரசவங்களில் 44.9 சதவீதமும் கர்நாடகத்தில் 31.5 சதவீதமும் சிசேரியன். இது பிரசவம் மட்டுமன்று, முழு வயிற்று அறுவை. ஆனால் வீட்டில் ஆணுக்குப் பித்தப்பை எடுத்தால் ஒரு மாதம் தாங்குகிற நாம், சிசேரியன் ஆன மருமகள் மூன்றாம் வாரம் வாளி தூக்கினால் கவனிப்பதில்லை. குழந்தையின் எடைதான் அவளுக்கு அளவு. அதற்கு மேல் ஆறு வாரம் தூக்கக் கூடாது. தாய்வீடு முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் நம்மிடையே தண்ணீர் கேனைக் கவிழ்ப்பது கணவர் வேலை என்று எழுதி ஒட்டினாலும் தகும்.

இரண்டாமவர், மூட்டை சுமப்பவர். சந்தேபேட்டையிலும் மற்ற மொத்தக் கடைத்தெருக்களிலும் 50 கிலோ மூட்டையை முதுகில் ஏற்றி இறக்கும் தொழிலாளர்களைத் தினம் பார்க்கிறோம். அவர்களுக்கு மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி. தூக்காத நாளில் அடுப்பு எரியாது. எனவே வயிற்று அறுவையான மூன்றாம் வாரமே வந்து நிற்பார்கள். "பரவாயில்ல சாமி, வலியில்ல" என்பார்கள். வலி இல்லாமலிருக்கலாம், உள்பட்டை சேர்ந்திருக்காது. அது விட்டுப்போனால் மறுபடி அறுவை, மறுபடி கடன்.

நம் சங்கத்தில் கடை வைத்திருப்போர் பலர். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். அறுவை முடிந்து வரும் தொழிலாளியை மூட்டைப் பக்கம் விடாமல் எடை போட, கணக்குச் சீட்டு எழுத, சில்லறைப் பொட்டலம் கட்ட, காவலுக்கு இருக்க வையுங்கள். ஆறு வாரமோ, டாக்டர் சொல்கிற காலமோ, கூலியைக் குறைக்காதீர்கள். பிறகும் முதல் வாரம் பத்துக் கிலோ, அடுத்து இருபது என்று ஏற்றுங்கள். அவருக்கும் சக்திக்கேற்ற தவம் செய்ய வாய்ப்பு வேண்டும். அந்த வாய்ப்பைக் கொடுப்பது முதலாளியின் கையில்தான் இருக்கிறது.